காரின் மெய்ச் செலவு: மட்டக்களப்பு வாவிக்கரையிலிருந்து ஒரு கணக்கு

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் கார் வைத்திருக்கும் குடும்பங்கள் அதன் செலவைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் பெற்றோலைப் பற்றியே பேசுகின்றன. பெற்றோல் விலை பத்து ரூபா ஏறினால் அது வீட்டிலும் கடைத்தெருவிலும் அலுவலகத்திலும் செய்தியாகிறது. ஆனால் முற்றத்தில் நிற்கும் அதே காரின் பெறுமதி ஆண்டொன்றுக்குச் சில இலட்சம் ரூபா குறைவதும், அதில் முடங்கிய பணம் வேறிடத்தில் ஈட்டியிருக்கக்கூடிய வட்டியை இழப்பதும் எவருடைய கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. பணம் கைமாறும் செலவு கண்ணுக்குத் தெரிகிறது, கைமாறாத செலவு தெரிவதில்லை என்பதே இதற்குக் காரணம்.

இந்த மறதி மட்டக்களப்புக்கு மட்டும் உரியதன்று. ஜெர்மனியில் கார் வைத்திருப்போரிடம் நடத்தப்பட்டு 2020ஆம் ஆண்டு 'நேச்சர்' அறிவியல் இதழில் வெளியான ஆய்வொன்று, அந்நாட்டவர்கள் எரிபொருள் செலவை ஏறக்குறையச் சரியாக மதிப்பிட்டபோதிலும், பெறுமதி குறைவு, பழுதுபார்ப்பு, வரி, காப்புறுதி ஆகியவற்றை மிகக் குறைத்து எண்ணியதால், மொத்தச் செலவில் பாதியளவைக் கணக்கில் எடுக்காமலே விட்டிருந்தனர் என்று காட்டியது. வாகனத்தின் விலையில் பெரும் பகுதி இறக்குமதி வரியாக இருக்கும் இலங்கையில், அதிலும் அன்றாடப் பயணத் தூரங்கள் குறுகியவையாக இருக்கும் வாவிக்கரையில், இவ்வாறு கணக்கில் விடுபடும் பகுதி மேலும் பெரிதாக இருக்க வாய்ப்புண்டு.

செலவின் இரு வகைகள்

காரின் செலவை மதிப்பிட முனைபவர் முதலில் அதை இரண்டாகப் பிரிக்க வேண்டும். கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆண்டுதோறும் ஏற்படுவது நிலையான செலவு. காப்புறுதி, வருமான உத்தரவுப் பத்திரம், முடங்கிய பணத்துக்கான வட்டி, காலத்தால் ஏற்படும் பெறுமதி குறைவு ஆகியவை இதில் அடங்கும். ஓடும் தூரத்துக்கு ஏற்பக் கூடிக் குறைவது மாறும் செலவு. பெற்றோல், ஒயில், டயர், பிரேக் கட்டை, தேய்மானத்தால் வரும் பழுது ஆகியவை இதில் அடங்கும். நிலையான செலவை ஆண்டில் ஓடிய கிலோமீற்றர்களால் வகுத்து, அதனுடன் ஒரு கிலோமீற்றருக்கான மாறும் செலவைக் கூட்டினால் கிடைப்பதே காரின் மெய்ச் செலவு, அதாவது ஒரு கிலோமீற்றருக்கான சராசரிச் செலவு.

இந்த வாய்பாட்டிலிருந்து உடனே விளங்கும் உண்மை ஒன்று உண்டு. கார் எவ்வளவு குறைவாக ஓடுகிறதோ, அதன் ஒவ்வொரு கிலோமீற்றரும் அவ்வளவு விலை கூடியதாகிறது. பெற்றோலைச் சிக்கனப்படுத்துவதற்காகக் காரை வாரம் முழுவதும் வீட்டில் நிறுத்திவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கும் குடும்பம் மாறும் செலவை மிச்சப்படுத்துகிறது என்பது உண்மையே. ஆயினும் நிலையான செலவு முழுவதையும் அந்த ஒரு நாள் ஓட்டத்தின் மேல் ஏற்றிவிடுகிறது.

பெறுமானத் தேய்வும் ஐந்தாண்டு மயக்கமும்

கணக்கியலில் பெறுமானத் தேய்வு எனப்படுவது, ஒரு பொருளை வாங்கிய விலைக்கும் அதை விற்கும் விலைக்கும் உள்ள வேறுபாட்டை அது பயன்பட்ட ஆண்டுகளுக்குப் பகிர்ந்து காட்டும் தொகையாகும். உலகின் பெரும்பாலான நாடுகளில் கார் வைத்திருப்போரின் மிகப் பெரிய செலவு இதுவே. புதிய கார் முதல் சில ஆண்டுகளில் வேகமாகவும் பின்னர் மெதுவாகவும் பெறுமதி இழக்கிறது.

இலங்கையில் இந்த விதி சில ஆண்டுகள் தலைகீழாக நின்றது. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அந்நியச் செலாவணியைக் காக்கும் பொருட்டு, வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. புதிய வாகனங்கள் வராத நிலையில் நாட்டில் இருந்த வாகனங்களுக்கான போட்டி கூடியது. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த நாணய மாற்று விகிதம் அவ்வாண்டு மே மாதமளவில் 360 ரூபாவை எட்டியதும், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் செப்டெம்பரில் 69.8 வீதமாக உயர்ந்ததும் வாகன விலைகளை மேலும் தூக்கிவிட்டன. ஆண்டுக்கணக்கில் ஓடிய ஆல்டோவையும் வேகன் ஆரையும் வாங்கிய விலையைவிடக் கூடிய விலைக்கு விற்க முடிந்த அந்தக் காலம், காரும் தங்க நகையைப் போல ஒரு சேமிப்பு என்ற எண்ணத்தைப் பலர் மனத்தில் ஊன்றிவிட்டது.

அந்த இலாபத்தின் பெரும் பகுதி தோற்றமே. ரூபாவின் மதிப்பு வீழ்ந்தபோது காரின் விலைச்சீட்டில் இருந்த எண் உயர்ந்தது. விற்றவர் அதே தரத்தில் வேறொரு காரை வாங்கப் போனால் அதற்கும் அதே உயர்ந்த விலையையே கொடுக்க வேண்டியிருந்தது. காரை விற்றுவிட்டு மீண்டும் கார் வாங்காமல் இருந்தவர்களுக்கு மட்டுமே அந்த விலையேற்றம் கையில் தங்கியது. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாம் திகதி தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் வழி திறக்கப்பட்ட பின்னர், பற்றாக்குறையால் உண்டான இந்த விலையேற்றத்தை இனியும் எதிர்பார்த்துக் கார் வாங்குவதற்கு அடிப்படை இல்லை. எஞ்சின் கொள்ளளவின்படி அறவிடப்படும் உற்பத்தி வரி, சுங்கத் தீர்வை, சொகுசு வரி, 2024 ஜனவரி முதல் 18 வீதமாக உள்ள பெறுமதி சேர் வரி ஆகியவை ஒன்றின் மேலொன்றாக ஏறுவதால் விலை உயர்வாகவே இருக்கக்கூடும். எனினும் உயர்ந்த விலையில் தொடங்கும் கார் ரூபாக் கணக்கில் இறங்குவதற்கும் அதே அளவு இடம் இருக்கிறது.

முடங்கிய பணமும் லீசிங் தவணையும்

பொருளியல் மாணவர்கள் அமையச் செலவு என்று கற்பது, ஒரு தெரிவைச் செய்வதால் கைவிட நேரும் அடுத்த சிறந்த தெரிவின் பெறுமதியாகும். ஐம்பது இலட்சம் ரூபாவைக் காரில் போட்ட குடும்பம் அதை வங்கியில் நிலையான வைப்பாக இட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய வட்டியைக் கைவிடுகிறது. கையிலிருந்த பணத்தில் வாங்கியதால் கடனில்லை, ஆகவே வட்டியுமில்லை என்று நினைப்பது இந்தச் செலவை மறைத்துவிடுகிறது.

கடனுக்கு வாங்குவோரிடம் எதிர்த்திசைத் தவறு காணப்படுகிறது. அவர்கள் லீசிங் தவணை முழுவதையும் செலவாகக் கருதி, அதன் மேல் பெறுமானத் தேய்வையும் கூட்டி, ஒரே தொகையை இருமுறை எண்ணிவிடுகிறார்கள். தவணையில் இரு பகுதிகள் உள்ளன. முதலைத் திருப்பிச் செலுத்தும் பகுதி காரை வாங்குவதற்கான பணம். அதன் தேய்வு ஏற்கனவே பெறுமானத் தேய்வில் அடங்கிவிட்டது. வட்டிப் பகுதி மட்டுமே தனிச் செலவு. எடுத்துக்காட்டாக, 25 இலட்சம் ரூபாவை ஆண்டுக்கு 14 வீதக் குறைந்துசெல்லும் மீதி வட்டியில் ஐந்தாண்டுகளுக்குப் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ 58,000 ரூபாவாகவும், செலுத்தி முடிக்கும் மொத்தத் தொகை ஏறத்தாழ 35 இலட்சமாகவும் அமையும். செலவுக் கணக்கில் ஏற வேண்டியது இவற்றுக்கிடையிலான ஏறத்தாழ 10 இலட்சம் வட்டியே. தவணை என்பது மாதச் சம்பளத்தில் எவ்வளவு மீதமிருக்கும் என்ற கேள்விக்கு விடையாகிறதே தவிர, காருக்கு எவ்வளவு செலவாகிறது என்ற கேள்விக்கு விடையாகாது.

வட்டியை ஒப்பிடுவதிலும் ஒரு பொறி உண்டு. தொடக்கக் கடன் தொகையின் மேலேயே இறுதிவரை கணக்கிடப்படும் நேர் வட்டி வீதமும், செலுத்தச் செலுத்தக் குறையும் மீதியின் மேல் கணக்கிடப்படும் வீதமும் காகிதத்தில் ஒரே எண்ணாகத் தோன்றினாலும், முன்னையதில் கட்ட வேண்டிய வட்டி ஏறக்குறைய இரு மடங்காகும். வீதத்தைப் பற்றிப் பேரம் பேசுவதைவிட, ஐந்தாண்டு முடிவில் மொத்தமாக எவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுத்தில் கேட்பது பாதுகாப்பானது.

பத்திரங்களின் செலவு

ஆண்டுதோறும் பிரதேச செயலகத்திலோ இணையவழியிலோ புதுப்பிக்கப்படும் வருமான உத்தரவுப் பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் செல்லுபடியான காப்புறுதியும் தேவை. பெற்றோல் காரில் புகைக்குழாயிலிருந்து வெளியேறும் காபனோரொட்சைட்டும் எரியாத ஐதரோகாபன்களும் அளக்கப்படுகின்றன. டீசல் வாகனத்தில் புகையின் கருமை அளக்கப்படுகிறது. பரிசோதனைக் கட்டணம் சிறியதுதான். ஆனால் அதில் தோற்கும் கார் அடைபட்ட காற்று வடிகட்டியையோ தேய்ந்த பிளக்கையோ கெட்டுப்போன சென்சரையோ காட்டிக் கொடுக்கிறது. அந்தப் பழுது பெற்றோலையும் ஏற்கனவே கூடுதலாகக் குடித்துக்கொண்டிருந்திருக்கும்.

காப்புறுதியில், பிறருக்கு நேரும் தீங்கை ஈடுசெய்யும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி சட்டப்படி கட்டாயமானது. சொந்த வாகனத்தின் சேதத்தையும் ஏற்கும் முழுமையான காப்புறுதி விருப்பத்துக்குரியது, லீசிங் வாகனமாயின் கடன் கொடுத்த நிறுவனம் அதை வற்புறுத்தும். விலைகள் ஏறிய ஆண்டுகளில் பலர் கவனிக்கத் தவறிய ஒன்று, காப்புறுதி செய்த தொகையும் கூட்டப்பட வேண்டும் என்பது. ஐம்பது இலட்சம் பெறுமதியான கார் முப்பது இலட்சத்துக்கு மட்டும் காப்புறுதி செய்யப்பட்டு, ஒப்பந்தத்தில் சராசரி விதியும் இருந்தால், பத்து இலட்சம் சேதத்துக்கு ஆறு இலட்சமே கிடைக்கும். எந்த விகிதத்தில் காப்புறுதி செய்யப்பட்டதோ அந்த விகிதத்தில் மட்டுமே இழப்பீடு என்பதே அந்த விதியின் பொருள். வெள்ளச் சேதம் அடிப்படைக் காப்பில் அடங்குமா, தனிக் கட்டணத்துக்கு உட்பட்டதா என்பதும் இந்தப் பிரதேசத்தில் கட்டாயம் கேட்டறிய வேண்டியது.

உப்பும் வெள்ளமும்

காரின் செலவு குறித்த பொதுவான அட்டவணைகளில் இடம்பெறாத இரண்டு செலவுகள் மட்டக்களப்பில் உண்டு. முதலாவது உப்பு. நாவலடியிலிருந்து களுவாஞ்சிகுடிக்கு அப்பாலும் நீளும் மணற்றிடல், கிழக்கே கடலுக்கும் மேற்கே வாவிக்கும் நடுவே ஒடுங்கிய நிலமாகக் கிடக்கிறது. இருபுறமிருந்தும் வரும் ஈரக்காற்றில் உள்ள குளோரைட்டு இரும்பின் துருவேறலை விரைவுபடுத்துகிறது. துரு முதலில் தெரியாத இடத்திலேயே தொடங்கும்: சக்கர வளைவுகளின் உட்புறம், நீர் வடியும் துளைகள் மணலால் அடைபட்ட கதவுகளின் அடிவிளிம்பு, பிரேக் ஒயில் செல்லும் மெல்லிய குழாய், சைலன்சரின் பொருத்துகள், காரின் அடித்தளத்தில் கல்லடிபட்டுப் பூச்சு உதிர்ந்த இடங்கள். வெளியே மெருகு மாறாத காரை உயர்த்திக் கீழிருந்து பார்க்கும் கராஜ்காரருக்கு அதன் உண்மையான வயது தெரிந்துவிடும்; அதை விற்கும்போது விலையைக் குறைப்பதும் இந்த அடித்தளமே. மாதம் ஒருமுறை நன்னீரால் அடிப்பாகத்தைக் கழுவுவதும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை துருத்தடுப்புப் பூச்சு இடுவதும் ஒப்பளவில் சிறிய செலவுகள்.

இரண்டாவது வெள்ளம். வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கொட்டும் மாதங்களில் வாவி மேலெழுந்து தாழ்நிலங்களை மூடுவது வழக்கம். கிரான் - புலிபாய்ந்தகல் வீதி நீரில் மூழ்கி மக்கள் படகில் பயணிப்பது ஆண்டுதோறும் செய்தியாகிறது. 2011 ஜனவரி வெள்ளத்தில் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் மட்டக்களப்பும் ஒன்று. 2025 நவம்பர் இறுதியில் தீவைத் தாக்கிய டித்வா சூறாவளி, வெள்ள அபாயம் எந்த ஆண்டும் திரும்பி வரலாம் என்பதை மீண்டும் உணர்த்தியது. தேங்கிய நீரினூடாகக் காரைச் செலுத்தும்போது காற்று உறிஞ்சும் குழாய் வழியே நீர் எஞ்சினுக்குள் புகுந்தால், காற்றைப் போல் அமுங்காத அந்த நீரின் மேல் பிஸ்டன் மோதி, கனெக்டிங் ரொட் வளைந்துவிடும். நீரில் நின்றுபோன காரை மீண்டும் மீண்டும் ஸ்டார்ட் செய்து பார்ப்பது, சில ஆயிரங்களில் முடிந்திருக்கக்கூடிய பழுதைச் சில இலட்சங்களுக்கு இட்டுச் செல்கிறது. காரை இழுத்துச் சென்று, பிளக்குகளைக் கழற்றி நீரை வெளியேற்றிய பின்னரே எஞ்சினைச் சுழற்ற வேண்டும்.

ஓட ஓட ஏறும் செலவு

மாறும் செலவில் பெற்றோல் முதன்மையானது என்பதில் ஐயமில்லை. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 177 ரூபாவாக இருந்த ஒக்டேன் 92 பெற்றோல் லீற்றர் ஒன்று, அவ்வாண்டு ஜூன் 26ஆம் திகதி 470 ரூபாவானது. அதன் பின்னர் வந்த எரிபொருள் அட்டை முறையில் காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்ற பங்கீடு தொடங்கியது. 2023 செப்டெம்பர் முதலாம் திகதி அம்முறை நீக்கப்பட்டது. நீண்ட வரிசைகளில் கழிந்த அந்த மாதங்கள் பெற்றோலை மக்கள் மனத்தில் காரின் செலவுக்கே மறுபெயராக்கிவிட்டதில் வியப்பில்லை.

ஆயினும் டயர், ஒயில், பழுது ஆகியவையும் கிலோமீற்றருடன் சேர்ந்தே ஓடுகின்றன. நான்கு டயர்களை ஒரே நேரத்தில் மாற்றும் நாளில் அது திடீர்ச் செலவாகத் தோன்றினாலும், உண்மையில் அது கடந்த 40,000 கிலோமீற்றரிலும் சிறிது சிறிதாகச் சேர்ந்த கடனே. ஹைபிரிட் கார்களில் இந்த இயல்பு இன்னும் தெளிவாகத் தெரியும். அக்வா, பிரியஸ் போன்றவை நகர ஓட்டத்தில் பெற்றோலை வெகுவாக மிச்சப்படுத்துகின்றன. ஆனால் அவற்றின் உயர் மின்னழுத்த பற்றரிக்கு ஆயுள் உண்டு, வெப்பம் அந்த ஆயுளைக் குறைக்கிறது. பின் இருக்கையின் பக்கத்தில் பற்றரிக்குக் குளிர்காற்றை உறிஞ்சும் துவாரம் தூசியாலும் மணலாலும் அடைபட்டிருந்தால் பற்றரி உள்ளேயே வெந்து கெடும்; அந்த வடிகட்டியைத் துப்புரவு செய்வதற்குச் சில நிமிடங்களே தேவைப்படும். ஹைபிரிட் காரை வாங்குபவர், மிச்சமாகும் பெற்றோலின் ஒரு பங்கை வருங்காலப் பற்றரிக்கென ஒதுக்கினால்தான் கணக்கு நேர்மையாகும்.

ஒரு மாதிரிக் கணக்கு

மேற்கூறியவற்றை ஒன்றுசேர்த்துக் காட்டுவதற்காக ஒரு சிறிய காரை எடுத்துக்கொள்ளலாம். கீழே வரும் விலைகள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்ட முழு எண்கள். வாசகர் தம் காருக்குரிய எண்களை அவற்றின் இடத்தில் இட வேண்டும்.

கார் 50 இலட்சத்துக்கு வாங்கப்பட்டு, ஐந்தாண்டுகளின் பின் 35 இலட்சத்துக்கு விற்கப்படுகிறது எனின், பெறுமானத் தேய்வு ஆண்டுக்கு 3 இலட்சம். இந்தக் காலத்தில் காரில் முடங்கியிருக்கும் பணத்தின் சராசரி 42.5 இலட்சம்; 8 வீத வட்டியில் அமையச் செலவு ஆண்டுக்கு 3.4 இலட்சம். காப்புறுதி, வருமான உத்தரவுப் பத்திரம், புகைப் பரிசோதனை ஆகியவற்றுக்கு 80,000 ரூபாவும், அடிப்பாகக் கழுவல், ஸ்டார்ட் பற்றரி முதலிய காலத்தோடு வரும் பராமரிப்புக்கு 20,000 ரூபாவும் சேர்ந்து 1 இலட்சம். ஆக, நிலையான செலவு ஆண்டுக்கு 7.4 இலட்சம்.

மாறும் செலவில், லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடும் காருக்குப் பெற்றோல் லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் கிலோமீற்றருக்கு 20 ரூபா. ஒரு இலட்சம் ரூபாவுக்கு வாங்கும் நான்கு டயர்கள் 40,000 கிலோமீற்றர் உழைத்தால் 2 ரூபா 50 சதம். 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை 20,000 ரூபாவில் செய்யும் சேர்விசுக்கு 4 ரூபா. ஏனைய பழுதுகளுக்கு 3 ரூபா 50 சதம். மொத்தம் கிலோமீற்றருக்கு 30 ரூபா.

இந்தக் கார் ஆண்டில் 5,000 கிலோமீற்றர் ஓடினால் மொத்தச் செலவு 8.9 இலட்சம், அதாவது கிலோமீற்றருக்கு 178 ரூபா. 10,000 ஓடினால் 10.4 இலட்சமும் கிலோமீற்றருக்கு 104 ரூபாவும் ஆகும். 20,000 ஓடினால் 13.4 இலட்சம், கிலோமீற்றருக்கு 67 ரூபா. ஓட்டம் நான்கு மடங்கானபோதும் மொத்தச் செலவு ஒன்றரை மடங்குதான் ஆகிறது. 10,000 கிலோமீற்றர் ஓட்டத்தில் பெற்றோலுக்குப் போவது 2 இலட்சம். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பெற்றோல் விலை 300இலிருந்து 450 ரூபாவாக ஏறினாலும் ஆண்டுச் செலவு 11.4 இலட்சமாக, பத்து வீதத்துக்கும் குறைவாகவே கூடுகிறது. எரிபொருள் விலையைக் கண்டு அஞ்சும் குடும்பம் உண்மையில் அஞ்ச வேண்டியது காரின் கொள்விலையைக் கண்டுதான்.

எந்தக் கேள்விக்கு எந்த எண்

ஒரே காருக்கு 30 ரூபா, 104 ரூபா என இரண்டு எண்கள் கிடைத்திருப்பதால், எதைப் பயன்படுத்துவது என்ற குழப்பம் எழலாம். இரண்டும் சரியானவை, இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்குரியவை. ஏற்கனவே கார் வைத்திருக்கும் ஒருவர், கொழும்புக்குக் காரில் போவதா, மாகோ வழியாகக் கோட்டை வரை செல்லும் ரயிலில் போவதா என்று தீர்மானிக்கும்போது, அந்தப் பயணத்தால் புதிதாக உண்டாகும் செலவையே பார்க்க வேண்டும்; பொருளியலில் இது எல்லைச் செலவு எனப்படும். போய்வர ஏறத்தாழ 640 கிலோமீற்றர் என்றால், கிலோமீற்றருக்கு 30 ரூபாவாக அது 19,200 ரூபா. பெற்றோலை மட்டும் எண்ணினால் 12,800 ரூபா என்று தோன்றுவது குறைமதிப்பீடு. தனியாகப் போகிறவருக்கு ரயில் மிக மலிவு. நான்கைந்து பேர் சேர்ந்து போகும்போதே கார் போட்டிக்கு வருகிறது.

கார் வாங்குவதா, வைத்திருப்பதா, விற்பதா என்ற கேள்விக்கு எல்லைச் செலவு போதாது. அங்கே சராசரிச் செலவு முழுவதும் முன்னால் வர வேண்டும். ஓட்டோவோ வாடகைக் காரோ கிலோமீற்றருக்கு 120 ரூபா கேட்கிறது என்று வைத்துக்கொண்டால், சொந்தக் காரின் ஒவ்வொரு கிலோமீற்றரும் 90 ரூபாவை மிச்சப்படுத்துகிறது, 7.4 இலட்சம் நிலையான செலவை அந்த மிச்சம் ஈடுசெய்வதற்கு ஆண்டில் ஏறத்தாழ 8,200 கிலோமீற்றர் ஓட வேண்டும். இது நாளொன்றுக்கு இருபத்திரண்டு கிலோமீற்றருக்குச் சற்று மேல். கல்லடியில் வசித்து, பாலத்தைக் கடந்து நகரத்தில் வேலை பார்ப்பவர் நாளுக்கு ஓடுவது ஆறேழு கிலோமீற்றர்தான். அவருக்கு மோட்டார் சைக்கிளும், மழைக்கும் குடும்பப் பயணத்துக்கும் வாடகை வாகனமும் சேர்ந்த ஏற்பாடு பல இலட்சம் மலிவானது. களுவாஞ்சிகுடியிலிருந்து நாள்தோறும் நகரத்துக்கு வந்து போகிறவர் ஒரு வேலை ஆண்டிலேயே பத்தாயிரம் கிலோமீற்றரைத் தாண்டிவிடுவார். வாடகை வாகனத்தோடு ஒப்பிடும்போது சொந்தக் கார் அவருக்கு நட்டமன்று. ஆனால் அவருக்கு முன்னால் நாள்தோறும் பஸ்ஸும் ஓடுகிறது என்பதையும் கணக்கு மறக்கக்கூடாது.

காரின் விலையே பெரிய நெம்புகோல் என்பதைப் பழைய காரின் கணக்கு உறுதிசெய்கிறது. 20 இலட்சத்துக்கு வாங்கி ஐந்தாண்டுகளின் பின் 15 இலட்சத்துக்கு விற்கும் காருக்குத் தேய்வு 1 இலட்சம், அமையச் செலவு 1.4 இலட்சம், பத்திரங்களும் பராமரிப்பும் 1 இலட்சம், ஆக நிலையான செலவு 3.4 இலட்சம். பழமையால் கூடும் எரிபொருளையும் கராஜ் செலவையும் சேர்த்துக் கிலோமீற்றருக்கு 45 ரூபா என்று தாராளமாக வைத்தாலும், 10,000 கிலோமீற்றருக்கு 7.9 இலட்சமே ஆகிறது. ஐம்பது இலட்சக் காரைவிட 2.5 இலட்சம் குறைவு. துருவும் வெள்ளமும் தொடாத பழைய காரைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவருக்கே இந்த மிச்சம் உரியது என்ற நிபந்தனை மட்டும் இதில் உண்டு.

மின்சாரக் காருக்கும் இதே அளவுகோல் பொருந்தும். வீட்டுக் கூரையில் சூரிய மின்கலம் வைத்திருப்போருக்கு ஓட்டச் செலவு வெகுவாகக் குறைகிறது. ஒயில் மாற்றமும் புகைப் பரிசோதனையும் இல்லை. ஆனால் கொள்விலை உயர்ந்ததாக இருந்தால் நிலையான செலவு கூடுவதால், நாளுக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடுகிறவருக்கு அந்தச் சேமிப்பு மீள்வது அரிது; நாளெல்லாம் ஓடும் வாடகை வாகனத்துக்கே அது முதலில் பொருந்துகிறது.

கணக்குக்கு அடங்குவதும் அடங்காததும்

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் கிராமங்களில் கணக்கு வேறு முகம் கொள்கிறது. மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படும்வரை, கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து கிழக்குக் கரையான எழுவான்கரைக்கு வருவோர் மண்முனைத் துறையில் படகுப் பாதையை நம்பியிருந்தனர், அல்லது வாவியைச் சுற்றி வந்தனர். பாலம் தூரத்தைக் குறைத்தபோது ஒவ்வொரு வாகனத்தின் ஓட்டச் செலவும் காத்திருப்பு நேரமும் சேர்ந்தே குறைந்தன. தனிக் குடும்பம் வாங்கும் எந்தக் காரும் தர முடியாத சேமிப்பைப் பொதுப் பணத்தில் எழுந்த ஒரு பாலம் தந்தது. ஆயினும் இரவில் பஸ் இல்லாத, ஓட்டோவும் எளிதில் கிடைக்காத ஊரில், நடுச்சாமத்தில் நோயாளியை மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வாசலில் நிற்கும் வாகனத்துக்கு ஒரு பெறுமதி உண்டு. அந்தப் பாதுகாப்புக்காகக் கூடுதலாகச் செலவிடுவது தவறன்று. எவ்வளவு செலவிடுகிறோம் என்று தெரியாமல் செலவிடுவதே தவறு. ஒரே தெருவில் நான்கு வீடுகள் நான்கு கார்களை நிறுத்தி வைப்பதைவிட, ஒரு வாகனத்தை முறைவைத்துப் பயன்படுத்தினால் அதே பாதுகாப்பு நான்கில் ஒரு பங்கு நிலையான செலவில் கிடைக்கும் என்பதையும் இந்தக் கணக்கே காட்டுகிறது.

இதற்குத் தேவையான தகவல்கள் ஒவ்வொரு வீட்டிலும் ஏற்கனவே இருக்கின்றன. வருமான உத்தரவுப் பத்திரத்தைப் புதுப்பிக்கும் நாளில் மீற்றரில் உள்ள கிலோமீற்றரையும், அதே வகைக் கார் அன்று சந்தையில் விற்கும் விலையையும், கடந்த ஆண்டின் கராஜ் பற்றுச்சீட்டுகளின் கூட்டுத்தொகையையும் ஒரு தாளில் எழுதி வைத்தால், இரண்டாம் ஆண்டில் மெய்ச் செலவு தானே வெளிப்படும். அந்தத் தாளில் ஆண்டு ஓட்டம் எட்டாயிரம் கிலோமீற்றருக்குக் கீழே நின்று, காரின் விலை ஐம்பது இலட்சத்துக்கு அருகில் இருந்தால், அந்தக் குடும்பம் காரை விற்பது, அல்லது மலிவான காருக்கு மாறுவது ஆகிய இரண்டில் ஒன்றை ஆலோசிக்க வேண்டும். புதிதாக வாங்க எண்ணுவோர் லீசிங் படிவத்தில் கையொப்பமிடுவதற்கு முன்பே அந்தத் தாளை எழுதிவிட வேண்டும்.